பூனைக்குட்டிக்கும் காப்புறுதியா?

வெள்ளிக்கிழமை மாலை. சாமி படங்களுக்குப் புதிய மல்லிகைச் சரம் சாத்திய பாட்டி, காய்ந்துபோன பழைய சரத்தை மேசை ஓரத்தில் வைத்தார். அவர் சமையலறைக்குச் சென்று திரும்புவதற்குள் மேசைமீது தாவியிருந்தது முத்து. அது நான்கு மாதப் பூனைக்குட்டி. காய்ந்த பூக்கள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. பூக்களைக் கோத்திருந்த நூலை மட்டும் காணவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் முத்து உணவைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. அப்பாவும் உயர்நிலை இரண்டில் பயிலும் மகளும் அதைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றனர். மருத்துவர் முத்துவின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு வெள்ளை நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை வயிற்றுக்குள் போயிருந்தது.

“இன்றே அறுவை சிகிச்சை செய்வது நல்லது,” என்றார் மருத்துவர். செலவு மதிப்பீட்டுத் தாள் ஒன்று அப்பாவிடம் தரப்பட்டது. அதன் கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. அதில் 3,000 வெள்ளி என்று இருந்தது.

“அப்பா, முத்துவைக் காப்பாற்றிவிடலாம் அல்லவா?” என்று கேட்டாள் மகள். அப்பா உடனே பதில் சொல்லவில்லை.

இக்காட்சியும் இதில் வரும் தொகைகளும் கற்பனையே. ஆனால், இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. நூல், கம்பளி, ரப்பர் வளையம் போன்றவை அவற்றில் சிக்கிவிட்டால் பூனையால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, குடல் மறுமுனையை முன்னே தள்ள முயலும். அப்போது, கயிற்றை இழுத்தால் சுருக்குப்பையின் வாய் மடிப்பு மடிப்பாகச் சுருங்குவதைப்போலக் குடலும் சுருங்கும். இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். அதனால்தான், பூனையின் வாயிலிருந்து நூல் தொங்கினால் அதைக் கையால் இழுக்கவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

குட்டிகளுக்கு ஆபத்து நூலோடு முடிவதில்லை. வலை பொருத்தாத சன்னலிலிருந்து அவை விழுந்துவிடலாம். லில்லி மலரின் மகரந்தம் சிறிதளவு உடலுக்குள் சென்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். மனிதர் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமோல் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறித்துவிடலாம். மேலும், பூனைகள் தங்கள் வலியை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நோய் வெளியே தெரியும்போது அது முற்றியிருப்பதும் உண்டு. முற்றிய நோய்க்குச் சிகிச்சைச் செலவும் அதிகம்.

சிங்கப்பூரில் பூனை வளர்ப்போர் இவற்றைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய காலம் இது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க நீண்டகாலமாக அனுமதி இல்லாமல் இருந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அந்தத் தடை நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். அவற்றுக்கு உரிமம் பெற வேண்டும்; தோலுக்கடியில் நுண்சில்லு பொருத்த வேண்டும். முதன்முறையாகப் பூனை வளர்ப்பவர்களுக்கெனப் பொறுப்பான வளர்ப்பு பற்றிய இணையப் பாடமும் உண்டு. உரிமம் என்பது அனுமதி மட்டுமன்று. அந்த உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று ஒரு குடும்பம் தரும் வாக்குறுதியும் ஆகும். நன்கு பராமரிக்கப்படும் பூனை 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ வாழும். எனவே, அந்த வாக்குறுதியும் அத்தனை ஆண்டுகளுக்கு உரியது.

மனிதர் நோய்வாய்ப்பட்டால் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப், அரசாங்க மானியம் ஆகியவை கைகொடுக்கின்றன. செல்லப்பிராணிகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஊடுகதிர்ப் படம், மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, மருந்தகத்தில் தங்கும் நாள்கள் என எல்லாச் செலவையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள உதவுவதே செல்லப்பிராணிக் காப்புறுதி. இது புதிய எண்ணமன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுவீடனில் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் காப்புறுதி எடுக்கும் வழக்கம் தோன்றியிருந்தது. இன்று அந்நாட்டில் வளர்க்கப்படும் பெரும்பாலான நாய்களுக்குக் காப்புறுதி உண்டு.

காப்புறுதி எவ்வாறு செயல்படுகிறது? உரிமையாளர் ஆண்டுதோறும் சந்தா செலுத்துகிறார். பலர் செலுத்தும் சந்தா ஒன்றாகச் சேர்கிறது. அவர்களுள் யாருடைய பூனைக்கு நோயோ விபத்தோ நேர்கிறதோ, அவருக்கு அப்பணத்திலிருந்து உதவி கிடைக்கிறது. ஆயினும், முழுச் செலவும் கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது.

முத்துவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு திட்டத்தின்படி, செலவில் முதல் 200 வெள்ளியை உரிமையாளர் ஏற்க வேண்டும். மீதியில் 80 விழுக்காட்டைக் காப்புறுதி நிறுவனம் தரும் என்று வைத்துக்கொள்வோம். 3,000 வெள்ளிச் செலவில் 200 போக மீதி 2,800. அதில் 80 விழுக்காடு 2,240 வெள்ளி. ஆக, குடும்பம் செலுத்த வேண்டியது 760 வெள்ளி. ஆனால், அதே திட்டம் ஆண்டுக்கு 2,000 வெள்ளிவரை மட்டுமே தரும் என்றால், குடும்பத்தின் பங்கு 1,000 வெள்ளியாக உயர்ந்துவிடும். சந்தா எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

கையொப்பமிடுமுன் பார்க்க வேண்டியவை வேறு சிலவும் உள்ளன. திட்டத்தில் சேர்ந்த மறுநாளே உதவி கிடைத்துவிடாது. காத்திருப்புக் காலம் ஒன்று இருக்கும். விபத்தைவிட நோய்க்கு அது பெரும்பாலும் நீண்டதாக இருக்கும். தடுப்பூசி, கருத்தடை போன்ற வழக்கமான செலவுகளைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. பிறவிக் குறைபாடுகளை ஏற்காத திட்டங்களும் உண்டு. பூனைக்கு வயதாக ஆகச் சந்தாவும் உயரக்கூடும். குறிப்பிட்ட வயதைக் கடந்த பூனையைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாத நிறுவனங்களும் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி மற்றொன்று. காப்புறுதி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாக உதவி கிடைக்காது. வீடு தீப்பற்றிய பிறகு தீக்காப்புறுதி வாங்க முடியாது அல்லவா? அதைப் போன்றதே இதுவும். எனவே, நலமாக ஓடியாடும் குட்டிப் பருவமே இதைப் பற்றி முடிவெடுக்க ஏற்ற காலம். “இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்,” என்று பலரும் சொல்கின்றனர். ஆனால், நன்றாக இருக்கும்போதுதான் காப்புறுதியின் கதவு முழுமையாகத் திறந்திருக்கிறது.

“சந்தாவுக்குக் கொடுக்கும் பணத்தை நாமே சேமிக்கலாமே?” என்று கேட்போரும் உள்ளனர். நியாயமான கேள்விதான். பூனைக்கு நோயே வராவிட்டால் சேமிப்பு கையிலேயே இருக்கும்; செலுத்திய சந்தா திரும்பி வராது. ஏற்கெனவே போதுமான சேமிப்பு உள்ள குடும்பத்துக்குக் காப்புறுதி தேவைப்படாமலும் போகலாம். ஆனால், புதிதாகச் சேமிக்கத் தொடங்கும் குடும்பத்தின் நிலை வேறு. மாதம் 25 வெள்ளி சேமித்தால் 3,000 வெள்ளி சேர 10 ஆண்டுகள் ஆகும். முத்து நூலை விழுங்கியதோ நான்காம் மாதத்தில். சேமிப்பு வளரும்வரை நோய் காத்திருப்பதில்லை. சேமிப்பா, காப்புறுதியா, இரண்டும் சேர்ந்தா என்பதை அவரவர் வருமானத்துக்கு ஏற்ப முடிவு செய்யலாம். எந்த முடிவும் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

காப்புறுதி இருப்பதால் கவனம் குறைந்துவிடவும் கூடாது. சன்னல்களுக்கு வலை பொருத்துவது, நூலையும் மருந்துகளையும் எட்டாத இடத்தில் வைப்பது, உரிய காலத்தில் தடுப்பூசி போடுவது ஆகியவையே முதல் பாதுகாப்பு. இவற்றையும் மீறி வரும் துன்பத்துக்குத்தான் காப்புறுதி. “வெள்ளம் வருமுன் அணை போடு” என்று முன்னோர் சொன்னார்கள். அணை இருந்தாலும் ஆற்றங்கரையில் விழிப்போடுதான் இருக்க வேண்டும்.

மருந்தகத்தில் அப்பா சற்று நேரம் அமர்ந்திருந்தார். இரண்டு மாதங்களுக்கு முன் நடந்தது அவர் நினைவுக்கு வந்தது. முத்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் மகள் காப்புறுதியைப் பற்றிப் பேசினாள். “பூனைக்குட்டிக்கும் காப்புறுதியா?” என்று அவர் சிரித்துவிட்டார். இப்போது அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசினார். டிசம்பர் விடுமுறைப் பயணத்துக்காக எடுத்துவைத்திருந்த பணம் இருந்தது. எல்லாரும் ஒரே முடிவைச் சொன்னார்கள். அன்று மாலையே முத்துவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

அந்தக் குடும்பத்திடம் பயணப் பணம் இருந்தது. அது இல்லாத குடும்பம் என்ன செய்திருக்கும்? சிகிச்சை அளித்தால் பிழைக்கும் என்று தெரிந்தும் அதை அளிக்க இயலாத நிலை மிகக் கொடியது. அந்த முடிவைப் பணம் எடுக்கும்படி விட்டுவிடாமல் இருப்பதே காப்புறுதியின் உண்மையான பயன்.

நான்காம் நாள் முத்து வீடு திரும்பியது. வயிற்றில் தையலும் கழுத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையமுமாக அது நடந்து வந்ததைப் பார்த்துப் பாட்டி கண்கலங்கினார். அன்று முதல் காய்ந்த சரங்கள் மூடியுள்ள குப்பைத்தொட்டிக்கே நேராகச் சென்றன.

சில வாரங்கள் கழித்து, அப்பாவும் மகளும் சேர்ந்து காப்புறுதி விண்ணப்பத்தை நிரப்பினர். பெயர், வயது, நுண்சில்லு எண் எல்லாவற்றையும் எழுதியாயிற்று. ‘உங்கள் செல்லப்பிராணிக்கு இதற்குமுன் அறுவை சிகிச்சை நடந்துள்ளதா?’ என்ற கேள்வி வந்தது. உண்மையை மறைத்தால் பின்னர் உதவி மறுக்கப்படும் என்பது மகளுக்குத் தெரியும். குடல் தொடர்பான சிகிச்சைக்கு இனி உதவி கிடைக்காமல் போகலாம் என்பதும் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையசைத்தார்.

‘ஆம்’ என்று எழுதினாள்.

கலந்துரையாடுக

1. “எந்த முடிவும் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து” என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.

2. அந்தக் குடும்பத்திடம் பயணப் பணம் இல்லாமல் இருந்திருந்தால், அவர்கள் என்னென்ன வழிகளை நாடியிருக்கலாம்?

3. பூனைக்குட்டி வளர்க்க விரும்பும் நண்பருக்கு நீ கூறும் மூன்று அறிவுரைகள் யாவை?