வாகனமும் வரையறையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக எண்ணப்படுவது, பரிக்கிரக பரிமாணம் என்னும் மிகுபொருள் வரைதலாகும். நிலம், வீடு, பொன், தானியம் முதலியவற்றிற்கு எல்லை வகுத்துக்கொள்ளும் நாம், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளையும் அவ்வெல்லைக்குள் வைத்து எண்ணுகின்றோமா என்பதே இப்பாடத்தின் வினா.

பணியின் பொருட்டு வடமாவட்டங்களிலிருந்து மதுரைக்கு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வாகனம் ஆடம்பரமன்று. அலுவலகம், பள்ளி, கடைத்தெரு என அன்றாடத் தேவைகள் பல. விடுமுறை நாளில் கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குச் சென்று, செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கவும், மேலூர்ச் சாலை வழியே ஆனைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு ஆகிய குன்றுகளுக்குச் செல்லவும் அது துணைபுரிகின்றது. பேருந்து நிற்குமிடத்திலிருந்து குன்றின் அடிவரை நடத்தல் முதியோர்க்கு எளிதன்று.

இத்தேவைகளுக்கு எத்தகைய வண்டி போதும்? 1984-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த இண்ட்-சுசுகி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிந்து புகை மிகுந்தது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர் ஆகிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் அக்குறையை நீக்கின. இன்று 100 முதல் 125 சிசி வரையுள்ள எளிய வண்டி, ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 50 முதல் 60 கிலோமீட்டர் செல்லும். இருவர் செல்ல அதுவே போதும். ஆயினும் எளிய வண்டியை வாங்கிவிட்டதனாலேயே விரதம் காக்கப்பட்டதாகாது; அதனை ஓட்டும் முறையிலும் விரதம் உண்டு.

ஆசாரியர் சமந்தபத்திரர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில், பரிக்கிரக பரிமாணத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அவற்றுள் முதலும் இறுதியும் வாகனத்தைப் பற்றியனவாக இருத்தல் கருதத்தக்கது. அவற்றை நம் காலத்து வண்டியோடு பொருத்திக் காண்போம்.

1. அதிவாகனம்

எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் என்பது இதன் பொருள். இயந்திரத்திற்கு உயிரில்லை, ஆகவே குற்றமில்லை என்று சிலர் கூறுவர். இயந்திரத்திற்கு உயிரில்லை என்பது உண்மையே. ஆனால் சக்கரத்தின் முன் வருவனவற்றிற்கு உயிர் உண்டு.

எம் அனுபவம் ஒன்றை ஈண்டுக் கூறுகின்றோம். ஓர் ஐப்பசி மாலையில் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கண்மாய்க் கரையை ஒட்டிய சாலையில் தவளைகள் கூட்டமாகக் கடந்துகொண்டிருந்தன. இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்னும் அவசரத்தில் யாம் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டியின் ஓசையில் எதுவும் கேட்கவும் இல்லை. மறுநாட் காலை சக்கரத்தைக் கழுவியபோதுதான் செய்தது இன்னதென்று விளங்கிற்று. அன்று நாம் எவ்வுயிரையும் கொல்ல எண்ணியதில்லை. ஆயினும் பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிரைப் போக்குதலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கின்றது. எண்ணவில்லை என்பது விடையாகாது; கவனித்தோமா என்பதே வினா.

முனிவர்கள் ஈரியா சமிதியில் நான்கு முழ தூரம் நிலத்தை நோக்கி நடப்பர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்நான்கு முழத்தை ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கிற்குள் கடந்துவிடும். அவ்வேகத்தில், கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகுமெனக் கொண்டால், உலர்ந்த சாலையில் வண்டி நிற்க ஏறத்தாழ 22 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 40 மீட்டர் வேண்டும். ஈரச்சாலையில் இன்னும் மிகும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. ஆகவே, வண்டியில் செல்வோர்க்கு நான்கு முழமென்பது, தாம் நிறுத்தக்கூடிய தூரமேயாகும். அத்தூரம் வரை தெளிவாகக் காணாத இடத்தில் வேகம் கொள்ளுதல் அதிவாகனமே.

2. அதிசங்கிரகம்

தேவைக்கு மேல் சேர்த்தல். தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பதினெட்டு வயது நிரம்பிய மகனுக்கு ஒன்று என வண்டிகள் பெருகுகின்றன. ஒரே திசையில் செல்லும் இருவர்க்கு இரு வண்டி வேண்டுமா என்று வாங்குமுன் எண்ணுதல் நலம்.

3. விஸ்மயம்

பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து மனம் வாடுதல். அண்டைவீட்டாரின் பெரிய வண்டியைப் பிள்ளைகள் முன் பெற்றோரே புகழ்ந்துவிட்டுப் பின்னர் பிள்ளைகளைக் கடிவதில் பயனில்லை.

4. லோபம்

தேய்ந்த டயரை மாற்றாமலும் பிரேக்கைச் சீர்செய்யாமலும் பணத்தை மிச்சப்படுத்துதல் சிக்கனமன்று, லோபமே. மாற்றிய பழைய எஞ்சின் எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றுதல் எண்ணற்ற சிற்றுயிர்களுக்குக் கேடாகும். அதனை ஒர்க் ஷாப்பிலேயே ஒப்படைத்தல் வேண்டும்.

5. அதிபாரவாகனம்

அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல். ஓட்டுபவரோடு ஒருவர் மட்டுமே செல்லலாம் என மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கூறுகின்றது. 129-ஆம் பிரிவு இருவர்க்கும் தலைக்கவசத்தை விதிக்கின்றது. மனைவி மக்கள் நால்வரை ஒரே வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குச் செல்வோர், அறம் செய்யும் வழியிலேயே அதிசாரம் புரிகின்றனர். தம் உயிரையும் காத்தல் அகிம்சையே.

வரையறை செய்யும் முறை

போகோபபோக பரிமாணத்தில் வாகனத்தையும் சேர்த்து, நாள், பட்சம், மாதம் எனக் காலவரையறையோடு நியமம் கொள்ளுமாறு அதே நூல் கூறுகின்றது. நம் குடும்பங்கள் கீழ்க்காண்பனவற்றுள் இயன்றதைக் கொள்ளலாம்:

அ) அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் வண்டியைத் தொடாதிருத்தல்.

ஆ) சாதுர்மாசத்திலும், நம் பகுதியில் மழை மிகும் ஐப்பசி, கார்த்திகையிலும், ஞாயிறு மறைந்தபின் இன்றியமையாத பயணம் தவிர மற்றவற்றை விலக்குதல். விளக்கொளியை நாடிவரும் ஈசலும் பூச்சிகளும் அக்காலத்தே மிகுதி.

இ) நடந்து செல்லக்கூடிய தொலைவிற்கு நடந்தே செல்லுதல்.

ஈ) வேகத்திற்கு ஓர் எல்லை வகுத்து, அதனை வீட்டார் முன் கூறி ஏற்றல்.

அந்த ஐப்பசிக்குப் பின் யாம் ஏற்ற நியமம் நான்காவது. கண்மாய்க் கரைகளில் மழைக்காலத்தே மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை. வீடு சேர்வது சிறிது தாமதமாகின்றது. அதனால் இழந்தது ஒன்றுமில்லை.

குடும்பத்தோடு சிந்திக்க

1. நம் வீட்டில் உள்ள வண்டிகள் எத்தனை? அவற்றுள் தேவைக்குரியன எத்தனை?

2. ஐந்து அதிசாரங்களுள் இவ்வாரம் நம்மிடம் நிகழ்ந்தது எது?

3. மேற்கூறிய நியமங்களுள் வரும் மாதத்திற்கு எதனை ஏற்போம்?

மாலைச் சாமாயிகத்தின்போது அன்றைய பயணத்தையும் நினைவுகூர்ந்து, அறியாது செய்த பிழைகளுக்கு எல்லா உயிர்களிடத்தும் மன்னிப்பு வேண்டுவோமாக.