கெர்வில் பண்ணைக்குப் போகுமுன்

வேதாரண்யம்

அன்புள்ள செந்தில்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த டெக்ஸாஸ் கெர்வில் வேட்டைப் பண்ணையின் விலைப்பட்டியலை உன் பெரியம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். 'ஆக்ஸிஸ்' என்று போட்டிருப்பது நம் புள்ளிமான். 'பிளாக்பக்' நம் கோடியக்கரை வெளிமான். பெண் மானுக்கு ஒரு விலை, கிடாவுக்கு ஒரு விலை, கொம்பு நீளநீள விலையும் ஏறுகிறது. மேலாளர் கூப்பிடுகிறார், செலவு அவருடையது, டீமில் எல்லோரும் போகிறார்கள், நான் போகலாமா பெரியப்பா என்று கேட்டிருக்கிறாய். ஃபாரஸ்ட்டில் வனவராக இருந்த மனுஷன் திட்டுவார் என்று தெரிந்தும் கேட்டாயே, அதற்காகவே திட்டாமல் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சைவக்காரன் இல்லை. ஒரு மான் சாவது உலகத்திலேயே பெரிய பாவம் என்று எழுதினால் நம் வீட்டு மீன்சட்டியே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் 'உயிர்க்கொலை கூடாது' என்று இரண்டு வரியில் முடித்துவிட எனக்கு உரிமை கிடையாது. எனக்கு உறுத்துவது, கொல்வதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வது.

உன் மேலாளர் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நம் புள்ளிமானும் வெளிமானும் டெக்ஸாஸில் இறங்கியது 1932 வாக்கில். நம் நாட்டு நீல்காய் மானை ஏறக்குறைய அதே காலத்தில் தெற்கே கிங் ராஞ்சில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் நிலம் தனியார் கையில். மான் பணம் கொடுக்கிறது என்பதால்தான் பண்ணைக்காரர் அதற்குப் புல்லும் தண்ணீரும் விட்டுவைத்தார், பெருகியது. பாகிஸ்தானில் வெளிமான் அடியோடு அற்றுப்போனபோது, 1970 வாக்கில் டெக்ஸாஸிலிருந்துதான் சில மான்களைக் கொண்டுவந்து லால் சுஹான்ரா பூங்காவில் விட்டார்கள். அமெரிக்காவில் 1937-லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் தனி வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. ஓநாய் ஒழிந்துபோன இடங்களில் வெள்ளைவால் மான் பெருகி மேய்ச்சலை மொட்டையடிக்கிறது என்பதும் நிஜம். யாராவது குறைக்கத்தான் வேண்டும்.

நம் பக்கம் மட்டும் புனிதமா என்ன? சர்குஜா மகாராஜா ஒருவர் மட்டும் சுட்ட புலிகள் ஆயிரத்து நூறுக்கு மேல். சிவிங்கிப்புலியைப் பழக்கி, அதை ஏவி வெளிமானைப் பிடிப்பது ராஜாக்களுக்கு ஒரு விளையாட்டு. நாட்டின் கடைசிச் சிவிங்கிகள் மூன்றைக் கொரியா சமஸ்தானத்து மகாராஜா 1947-ல் ஒரே இரவில் சுட்டுத் தள்ளினார் என்பார்கள். அதற்குப் பிறகு இந்தியாவின் சொந்தச் சிவிங்கி காட்டில் இருந்ததற்கு உறுதியான சாட்சி இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிட்டால் நம் ஊரிலும் வெளிமானைப் படத்தில்தான் காட்ட வேண்டியிருந்திருக்கும். இன்று கோடியக்கரையில் ஒன்றைச் சுட்டால் குறைந்தது மூன்று வருடம் உள்ளே போக வேண்டும். அதே மானுக்கு டெக்ஸாஸில் சீசன் இல்லை, இத்தனைதான் என்ற வரம்பும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த இனம் என்பதால் அவர்கள் சட்டத்தின் வேட்டை விலங்குப் பட்டியலிலேயே அது சேராது. சொந்த வெள்ளைவால் மானுக்கு மட்டும் மாதக் கணக்கும் எண்ணிக்கைக் கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே சட்டத்தில் உனக்குத் தடையில்லை. அதனால்தான் யோசிக்க வேண்டியது உன் பொறுப்பாகிறது.

அந்தப் பண்ணையில் என்ன நடக்கும் என்பதை விலைப்பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நீ படித்தாயோ இல்லையோ. சுற்றிலும் மான் தாண்ட முடியாத உயரத்துக்குக் கம்பி வேலி. நடுவில் மக்காச்சோளம் தூவும் எந்திரம், விடியற்காலையும் சாயங்காலமும் நேரம் தவறாமல் சுழலும்படி டைமர் வைத்தது. அந்தச் சத்தம் கேட்டால் தீனி என்று மான்கள் பழகியிருக்கும். எதிரே சன்னல் வைத்த ஒரு மறைவுக் கொட்டகை. நாற்காலி உண்டு, குளிருக்கு ஹீட்டரும் உண்டாம். நீ அதற்குள் உட்கார்ந்து, தின்ன வந்த மானைச் சுட வேண்டும். இதை வேட்டை என்று வேட்டைக்காரர்களிலேயே பலர் ஒப்புக்கொள்வதில்லை. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் ஆரம்பித்த பூன் அண்ட் குரோக்கெட் கிளப் என்று ஒன்று இருக்கிறது. பெரிய கொம்புகளை அளந்து பதிவுசெய்வது அதன் வேலைகளில் ஒன்று. ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவில் சுட்டுக் குவித்தவர்தான், அவர் கிளப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இருந்தாலும் தப்பியோட வழியில்லாத வேலிக்குள் சுட்ட மிருகத்தை அவர்களே தங்கள் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

பண்ணைக்காரரிடம் கேட்டால், இது கால்நடை வளர்ப்புதான், ஆட்டுப்பட்டி மாதிரி என்பார். இருக்கட்டும். நம் ஊர்க் கறிக்கடை பாய் தினமும் ஆடு அறுக்கிறார். அறுத்த ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை ஊன்றிச் சிரித்தபடி என்றைக்காவது போட்டோ எடுத்துக்கொண்டாரா?

வெளிமான் கிடாவை நீ சின்ன வயதில் கோடியக்கரை ராமர்பாதம் போகும் வழியில் பார்த்திருக்கிறாய், நினைவிருக்குமோ என்னவோ. முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, கொம்பு முறுக்கேறி நிற்கும். பெட்டைகள் மேயும் திடலில் ஒரு துண்டு நிலத்தைத் தனதென்று பிடித்துக்கொண்டு, மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலை முதுகின் மேல் மடித்து, கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பி விரிய, மெதுவாக நடக்கும். இன்னொரு கிடா வந்தால் மோதும். ஜீப் வந்தால்கூடக் கொஞ்ச தூரம் விலகிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். ஓட்டத்தில் அதைப் பிடிக்க எங்கள் பக்கத்தில் இன்று ஒரு மிருகமும் இல்லை, ஆனால் அது இடத்தை விடாது. சுடுகிறவனுக்கு அதுவே வசதி. இதில் இன்னொரு விஷயம். நரியோ நாயோ பிடிப்பது குட்டியை, நொண்டியை, கிழத்தை. காசு கொடுத்துச் சுடுகிறவன் கேட்பது இருப்பதிலேயே நீளமான கொம்பை. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்து ராம் மலையில் பெருங்கொம்பு ஆடுகளை முப்பது வருடம் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பெரிய கொம்புக் கிடாக்களையே தேடிச் சுட்டதில், பின்னால் வந்த தலைமுறைகளுக்குக் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003-ல் எழுதினார்கள்.

அடுத்தது, குறி தவறினால் என்ன ஆகும் என்பது. விளம்பரத்தில் இது வராது. நான் பணியில் இருந்தபோது நாட்டுத் துப்பாக்கியில் அடிபட்ட புள்ளிமான் ஒன்றைத் தேடிப் போனோம். புல்லில் ரத்தம் அதிகம் இல்லை. பாதி செரித்த புல்தான் பச்சையாக அங்கங்கே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே கூட வந்த காவலர், "வயித்துல பட்டிருக்கு சார், தண்ணி பக்கம்தான் கிடக்கும்" என்றார். அப்படியே ஒரு குட்டையோரம் கிடந்தது. உயிர் இருந்தது. எங்கள் காலடிக்குக் காதைத் திருப்பியது, முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது, பின்பக்கம் எழவில்லை. அமெரிக்காவில் வேட்டை கற்றுக்கொடுப்பவர்கள் இதற்கு ஒரு விதி சொல்கிறார்கள்: வயிற்றில் பட்டால் உடனே பின்னால் போகாதே, பல மணி நேரம் காத்திரு, துரத்தினால் இன்னும் தூரம் ஓடி, கிடைக்காமல் போய்விடும். அனுபவப்பட்ட ஆட்கள் சொல்கிற சரியான யோசனைதான் அது. அந்தப் பல மணி நேரம் நீங்கள் பண்ணை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள், மான் புதருக்குள் படுத்திருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக ரைஃபிள் பிடிக்கிறவன் நீ. உன் தோட்டா நெஞ்சுக்குத்தான் போகும் என்று யார் உறுதி கொடுப்பது?

உன் மேலாளர் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். விடிகாலைக் குளிர், காட்டின் அமைதி, பொறுமை, மிருகத்தின் நடமாட்டத்தைப் படிப்பது, அந்த ஒரு நிமிடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது. எல்லாம் நிஜமான சுகம். சம்பளம் வாங்கிக்கொண்டே நான் அதை வருடக்கணக்கில் அனுபவித்திருக்கிறேன். காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் தானே சேர்த்துக் கட்டிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கால்நடையாக யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய்க் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். தடம் பார்ப்பதிலும் காற்று பார்ப்பதிலும் அவருக்கு இணையான வேட்டைக்காரர் எத்தனை பேர்? அப்படியென்றால் இந்தச் சுகத்தில் எதற்கும் தோட்டா தேவைப்படவில்லை. தோட்டாவால் மட்டும் கிடைப்பது அது விழுவதும், விழுந்ததன் தலையும்தான். உன் மேலாளர் காசு கொடுப்பது அதற்குத்தான். இதை அவரிடம் சொல்ல வேண்டாம், நீ தெரிந்துகொண்டால் போதும்.

உன் ஆபீஸில் ஒருவர் வருடத்துக்கு ஒன்றிரண்டு வெள்ளைவால் மானைத் தானே சுட்டு, தானே உரித்து, ஃப்ரீசரில் வைத்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார் என்று முன்பு எழுதியிருந்தாய். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. பிராய்லர் கோழி வாங்கித் தின்கிற என்னைவிட அவர் கணக்கு நேரானது என்றுகூடச் சொல்வேன். அந்த மாதிரி ஒருவரோடு கூட நடந்து, வருடங்கள் செலவழித்துக் கற்றுக்கொண்டு, பெருகிப்போன இடத்தில் ஒரு மானை எடுக்கலாமா என்று பின்னொரு நாள் கேட்டால், அப்போது வேறு கடிதம் எழுதுகிறேன். இப்போது கேட்டதற்குப் பதில்: பண்ணைக்குப் போ, சுடாதே.

ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படாதே. அமெரிக்கர்களிடம் நேராகச் சொன்னால் மதிப்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். "எங்கள் ஊர்க்காட்டு மான் இது, என் பெரியப்பா அதைக் காவல் காத்தவர், என்னால் முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிடு. கடைசி நிமிடத்தில் துப்பாக்கியைக் கையில் வாங்கிவிட்டுத் தயங்கினால்தான் கேலி வரும், விபத்தும் வரும். இன்னொன்று, வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. 'சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்' என்று யார் நீட்டினாலும் வாங்காதே. அன்பளிப்பாகக் கொம்பு கொடுத்தால் அதையும் மரியாதையாக மறுத்துவிடு. வெளிமான் கொம்போடு சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் உன்னை மீட்க என் பழைய சிநேகிதர்களால்கூட முடியாது.

போன இடத்தில் எனக்காக ஒரு வேலை செய். பண்ணையில் மானைக் கவனித்துக்கொள்ளும் ஆள் யாராவது இருப்பார், முதலாளியை விட்டு அவரிடம் பேசு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அந்தப் பக்கம் வெளிநாட்டு மான்கள் நிறையச் செத்தன. இங்கே 2018-ல் கஜா புயல் அடித்தபோது எங்கள் மான்களும் குதிரைகளும் செத்துக் கரையொதுங்கியதை நீ அறிவாய். அங்கே தப்பியவை எப்படித் தப்பின, கொட்டகைக்குள் வந்தனவா, மரத்தடியில் கூட்டமாக நின்றனவா, புள்ளிமான் அதிகம் செத்ததா வெளிமானா என்று விவரமாகக் கேட்டு எழுது. அந்த ஊரில் புள்ளிமான் கிடாக்கள் எந்த மாதம் கொம்பு உதிர்க்கின்றன என்பதையும் கேள்.

அன்புடன்,
பெரியப்பா