பாப்பாவுக்கு யார் கார்டியன்?

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் என் தங்கையும் அவள் கணவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் மகள் அன்றிலிருந்து கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வளர்கிறாள். எங்களைப் போல அக்கா பிள்ளையையும் தங்கை பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், இளம் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

காரியம் முடிந்த கையோடு உறவுக்குள் பேச்சு கிளம்பியது. அப்பா வழியில் தாத்தாவும் சித்தப்பாவும் இருக்கும்போது பெரியம்மாவுக்கு ஏது உரிமை என்றார் ஒருவர். பெண் குழந்தை, அம்மா வீட்டோடுதான் இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டுமே சட்டத்தில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, முறையான திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய். அந்த வரிசை அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தாத்தா, சித்தப்பா, பெரியம்மா யாருக்கும் தானாக வரும் உரிமை கிடையாது. (முஸ்லிம் சட்டம் வேறு. அங்கே தகப்பனுக்குப் பின் சொத்துக் காப்பாளர் வரிசையில் அப்பா வழித் தாத்தாவுக்கு இடம் உண்டு.)

தாய்க்கே அந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். தகப்பன் உயிரோடு இருந்தாலும், அவர் பிள்ளையின் பொறுப்பைப் பார்க்காத நிலையில், அல்லது இருவரும் பேசி ஒப்புக்கொண்டால், தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்று தீர்ப்பு வந்தது 1999 பிப்ரவரியில். பதினைந்து வருஷம்! பெற்ற தாய்க்கே அந்தக் கதி என்றால் பெரியம்மா எம்மாத்திரம்?

எனக்கு இது உறைத்தது வங்கிக் கவுண்டரில்தான். தங்கை பெயரில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. அவள் பெயரில் ஒரு ஃப்ளாட்டும். வாரிசுச் சான்றிதழில் பாப்பா ஒருத்திதான் வாரிசு. இறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக்கூட ஐடி எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன். எதிரே இருந்த பெண் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மைனருக்குக் கார்டியன்னு கோர்ட் ஆர்டர் இருக்காம்மா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. வளர்க்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக மைனரின் சொத்தை யாரும் கையாள முடியாது என்று அதே 1956 சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தையின் பணம் குழந்தைக்கே மிஞ்ச வேண்டும் என்பதற்காகப் போட்ட பூட்டு அது.

அப்போது பலர் சொன்ன யோசனை: "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டா போதும்." தாத்தா எழுதிக் கொடுத்தால் நான் கார்டியன் ஆகிவிடுவேனாம். அவருக்கே இல்லாத உரிமையை அவர் எப்படி எழுதிக் கொடுப்பார்? பெற்ற தகப்பன் எழுதிக் கொடுத்ததே நிற்கவில்லை என்பதற்கு நம்ம அடையாறிலேயே நூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. பிரம்மஞான சபை வளாகத்தில் இருந்த நாராயணய்யா, 1910-ல் தன் மகன்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் பொறுப்பையும் அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மா இல்லாத பிள்ளைகள். பிறகு மனம் மாறி 1912-ல் வழக்குப் போட்டார்; அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். 1913-ல் சென்னை உயர் நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. பையன்கள் இங்கிலாந்தில் வசிக்கும்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கே போட்டிருக்கக் கூடாது என்றது. ஆனால் காப்பாளர் பொறுப்பு என்பது தகப்பன் மேல் இருக்கும் நம்பிக்கைக் கடமை, அதை எழுதிக் கொடுத்தாலும் பிறகு திரும்பப் பெறலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

இதில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பக் கூடாது. குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். பாப்பா கோடம்பாக்கத்தில் இருக்கிறாள் என்பதற்குப் பள்ளிச் சான்றிதழும் ரேஷன் கார்டில் சேர்த்த அவள் பெயரும்தான் எங்களுக்கு ஆதாரமாக நின்றன. குழந்தை வந்து சேர்ந்ததுமே இவற்றை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மனு, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின் கீழ். இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். குழந்தையின் சொத்து விவரம், நெருங்கிய உறவினர் யார் யார், அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வக்கீல் குமாஸ்தா கதவிலக்கம், பின்கோடு வரை கேட்டு எழுதினார். உறவினருக்கு நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பும். இங்கேதான் குடும்பங்கள் உடைகின்றன. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாமல் தபாலில் கோர்ட் நோட்டீஸ் வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் முதலில் கும்பகோணம் போய் பாப்பாவின் தாத்தாவைப் பார்த்தேன். "ஏம்மா, எங்க மேலயே கேஸ் போடறியா?" என்றார். "இல்ல மாமா, பாப்பா பணம் பாங்க்ல முடங்கிக் கிடக்கு. அதுக்கு ஒரு பொறுப்பாளியைக் கோர்ட்டு நியமிக்கணும், அவ்வளவுதான்" என்றேன். மனுவை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு லீவுக்கும் பாப்பாவை அவரிடம் அனுப்புவேன் என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரத்தில், கை நடுங்க, இனிஷியலோடு முழுப்பெயரையும் எழுதினார்.

அவர் ஆட்சேபித்திருந்தால் நான் தோற்றிருக்கவும் கூடும். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. கொரோனாவில் பெற்றோரை இழந்த சிறுவனைக் குஜராத் உயர் நீதிமன்றம் அம்மாவின் சகோதரியிடம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. வருமானமும் வயதும் பெரிய குடும்பமும் மட்டுமே அளவுகோல் ஆகாது என்றது. பெரியம்மாவான எனக்கு அதைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. ஆனாலும் தீர்ப்பு சரிதான். யார் உரிமை பெரிது என்பதல்ல, குழந்தைக்கு எது நல்லது என்பதே கேள்வி.

பாப்பாவையும் நீதிபதி பார்க்க விரும்பினார். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காகப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். "ஜட்ஜ் என்ன கேட்டாலும் உனக்குத் தோணுறதைச் சொல்லு" என்று மட்டும்தான் சொன்னேன். அவர் சேம்பரில் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் போட்ட மனுவுக்கு வெயில் காலத்தில் உத்தரவு வந்தது. சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வையுங்கள். ஒவ்வொரு அலுவலகமும் ஒன்று கேட்கும். உத்தரவு வந்துவிட்டதால் நாம் முதலாளி ஆகிவிடுவதில்லை. நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தையின் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போடலாம். வாடகை பாப்பாவின் கணக்குக்கே போகிறது. செலவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டுமே. பெற்றோரில் ஒருவர் மட்டும் இருந்தாலும், மைனரின் பங்குள்ள வீட்டை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தனக்குப் பதினெட்டு வயதான பிறகு அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

கொரோனாவில் இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும், உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. பதினெட்டு வயது வரை வர வேண்டிய உதவி இது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வந்துகொண்டிருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

பெற்றோராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்சூரன்ஸில் பிள்ளையை நாமினி ஆக்கினால், அது மைனராக இருக்கும்வரை பணத்தை வாங்க ஒரு அப்பாயிண்டி பெயரையும் எழுதுங்கள். அதைவிட முக்கியம் உயில். நாங்கள் இருவரும் இல்லாவிட்டால் பிள்ளைக்கு இன்னார் காப்பாளர் என்று உயிலில் எழுத இந்துப் பெற்றோருக்கு 1956 சட்டத்தின் 9-ஆம் பிரிவு உரிமை தருகிறது. கணவனும் மனைவியும் தனித்தனி உயில் எழுதுங்கள், இரண்டிலும் ஒரே பெயரைப் போடுங்கள், அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுங்கள்.