இல்லக் கணிப்பொறியில் ஐயமும் திரிபும்

செய்யாற்றங்கரைத் திருமாகறலை உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்திலே, பட்டுச் சேலையின் கரையும் முந்தியும் புட்டாவும் இக்காலத்துக் கணிப்பொறித் திரையில் வரையப்பெற்று, பின்னரே ஜக்கார்டு அட்டைகளில் துளைகளாகின்றன. அப்பொறி ஒருநாள் ‘இணையம் இல்லை’ என்று காட்டினாலும், சாளரங்கள் சிதைந்து தோன்றினாலும் வீட்டார் அஞ்சுகின்றனர். பழுது பார்க்க வருவோன் ஆராயாது, ‘அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுதலே வழி’ என்பானாயின், வேறிடத்திற் படியெடுத்து வையாத வரைபடங்களெல்லாம் உடன் அழியும். ஆதலின், பழுது இன்னதென்று துணியும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

புகை கண்டவிடத்து நெருப்புண்டெனத் துணிதல் அளவை நூலார்க்கு உடன்பாடு. புகையின்மை கண்டு நெருப்பின்மை துணிதலோ பிழையாம், என்னை? கனன்ற கங்குக்குப் புகையின்மையின். இணையக் குறியும் இத்தகையதே. விண்டோஸ் பொறி, இணையம் உண்டோவென அறிதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் வைத்துள்ள சிறு கோப்பு ஒன்றை வேண்டுகின்றது. அதிலுள்ளவை ‘மைக்ரோசாப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்னும் மூன்றே சொற்கள். அவை வந்து சேர்ந்தால் இணையம் உண்டென்றும், சேராவிடின் இல்லையென்றும் குறி காட்டும். காவல் மென்பொருளோ வி.பி.என். என்பதோ அவ்வொரு கோப்பை மறித்தாற் போதும். மடல்கள் தடையின்றி வந்துகொண்டிருக்கவும் குறி ‘இல்லை’ என்றே சொல்லும்.

ஆகவே குறியை விடுத்துப் பொருளை நாடவேண்டும். அதே வைஃபையில், கைபேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டு, இணையம் வருகின்றதா என்று முதலிற் பார்க்க. அதிலும் வாராதாயின் குற்றம் கணிப்பொறியினது அன்று. ரௌட்டரையோ கம்பியையோ நோக்குக. கைபேசியில் வந்து பொறியில் வாராதாயின், கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று இடுக. பொறியின் முகவரி 169.254 எனத் தொடங்கின், ரௌட்டர் அதற்கு முகவரி தரவில்லை என்பது பொருள். முகவரி செவ்விதாயின் 8.8.8.8 என்னும் எண்ணுக்குப் ‘பிங்’ அனுப்பிப் பார்க்க. எண் விடையளித்து, தளப்பெயர் மட்டும் விடையளியாதாயின், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையிலே பழுதுளது. அவ்வமைப்பில் 8.8.8.8 என்பதனையே எழுதிவிட்டாற் பெரும்பாலும் தீரும்.

இன்னுமொன்று. மேசைக் கணிப்பொறியில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது ஓய்ந்தபின் மின்சாரம் நின்றால், நாளும் நேரமும் பழைய ஆண்டிற்குப் பின்னோடிவிடும். தளங்களின் சான்றிதழ்களை அந்நாளோடு ஒப்பிடும் உலாவி, ‘பாதுகாப்பில்லை’ என்று கதவடைக்கும். நாளைத் திருத்திச் சிறு விலைக்குரிய மின்கலத்தை மாற்றினாற் போதுமாயிருக்க, பொறியையே பழிப்பார் பலர்.

நிற்க. சாளரக் கோளாற்றை நோக்குவாம். 2007 இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவுக்கு முன்னர், ஒவ்வொரு சாளரமும் தன்னைத் திரையிலே நேராக வரைந்துகொண்டது. அதனால், தொங்கிநின்ற சாளரத்தின்மேல் வேறொன்றை இழுத்தால் அழியாச் சுவடுகள் படியும். விஸ்டா முதலாகச் சாளரங்கள் நினைவகத்தில் தனித்தனியே வரையப்பெற்றுப் பின் ஒன்றாய் அடுக்கப்படுகின்றன. இவ்வடுக்கு வேலையில் வரைகலை இயக்கி தடுமாறினால் கருங்கட்டங்களும் மினுக்கமும் தோன்றும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் ‘பி’ விசையை அழுத்தின் திரை ஒருகணம் இருண்டு, இயக்கி மீளத் தொடங்கும். திறந்த கோப்புகளுக்கு ஊறில்லை. கீழ்ப்பட்டையும் இணையக் குறியும் உறைந்து நிற்பின், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, தோன்றும் பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதனை மறுதொடக்கம் செய்க. இரண்டாந் திரையைக் கழற்றியபின் ஒரு சாளரம் காணாமற் போயின், அது அழிந்ததன்று. இல்லாத திரையில் நிற்கின்றது. அதனைத் தேர்ந்து, ஆல்ட் விசையுடன் இடைவெளி விசையையும், அடுத்து ‘எம்’ விசையையும், பின் அம்பு விசை ஒன்றையும் அழுத்திச் சுட்டியை அசைத்தால், சாளரம் சுட்டியுடன் ஒட்டி வந்துவிடும்.

இவற்றாலும் நீங்காத கோடுகள் திரையில் உளவாயின், திரைப்பிடிப்பு ஒன்றெடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பார்க்க. ஆண்டும் கோடு தோன்றின் பழுது மென்பொருளிலோ வரைகலை நினைவகத்திலோ உளது. தோன்றாதாயின் பெரும்பாலும் கம்பியிலோ திரையிலோ உளது. கம்பியைக் கழற்றிச் செம்மையாக மாட்டிப் பார்ப்பதற்கு எவரையும் அழைக்கவேண்டுவதில்லை. அங்ஙனமன்றி நிபுணனை அழைத்தே தீரவேண்டுமாயின், அவன் வருமுன் வரைபடங்களைப் பென்டிரைவ் ஒன்றிற் படியெடுத்து, அதனைப் பொறியினின்றும் கழற்றி வைத்துவிடுக.