எசேக்கியேல் கண்ட ஆலயம்: அளவுகள் சொல்லும் பொருள்

கிறித்தவத் திருமறையை முழுமையாக வாசிக்க முனைவோரில் பலர் வேகமாகப் புரட்டிவிடும் பகுதி ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டில் உள்ள எசேக்கியேல் நூலின் 40ஆம் அதிகாரத்தில் தொடங்கும் ஆலயக் காட்சியே அது. வாசல் இத்தனை முழம், சுவர் இத்தனை முழம் என அளவுகள் அடுக்கடுக்காக வரும். நானும் புரட்டியவன்தான். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு, முழம் என்றதும் பூக்கடைதான் நினைவுக்கு வரும்.

நான் படிவம் நான்கில் பயின்றபோது, கண்பார்வை மங்கிய என் பாட்டிக்கு மாலைதோறும் திருமறை வாசித்துக் காட்டுவேன். அளவுகள் வந்ததும் தாண்டினேன். பாட்டி கண்டுபிடித்துவிட்டார். "ஏன்டா தாவுற? வீட்ட அளக்கிற எடம்டா அது. வுடாம படி" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பல்கலைக்கழகத்திற்கு வந்து, அப்பகுதியை நானே விரும்பி வாசித்தபோதுதான் விளங்கியது. கிறித்தவரல்லாத நண்பர்களும் இதில் எண்ணிப் பார்க்கச் செய்திகள் உண்டு என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காலமும் சூழலும்

எசேக்கியேல் ஆசாரியர் குலத்தில் பிறந்தவர். கி.மு. 597இல் யூதாவின் அரசன் யோயாக்கீனோடு பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டவர்களுள் ஒருவர். கேபார் ஆற்றங்கரையில் அகதிகளோடு வாழ்ந்தார். சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் எருசலேம் நகரமும் அங்கிருந்த சாலொமோன் கட்டிய ஆலயமும் தீக்கிரையாயின. நகரம் விழுந்த 14ஆம் ஆண்டில், சிறையிருப்பின் 25ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 573 அளவில் இக்காட்சி அவருக்குக் கிட்டியது.

நூலின் தொடக்கத்தில் வரும் 'முப்பதாம் ஆண்டு' என்பது அவருடைய வயது என அறிஞர் பலர் கொள்கின்றனர். அதுவே சிறையிருப்பின் ஐந்தாம் ஆண்டு. அக்கணக்கின்படி ஆலயக் காட்சியைக் கண்டபோது அவருக்கு வயது 50. லேவியரின் திருப்பணிக் காலம் 30 வயது முதல் 50 வரை என எண்ணாகமம் வகுக்கிறது. எருசலேம் ஆலயத்தில் பணிபுரியும் வயதை எட்டுமுன்னரே நாடிழந்த ஒருவருக்கு, பணி ஓய்வு பெறும் வயதில் ஓர் ஆலயம் காட்டப்படுகிறது!

சுவரும் படிகளும்

வெண்கலம் போன்ற தோற்றமுடைய ஒருவர் நூற்கயிறும் அளவுகோலும் ஏந்தி எசேக்கியேலை அழைத்துச் செல்கிறார். அக்கோலின் நீளம் ஆறு முழம். ஒவ்வொரு முழமும் வழக்கமான முழத்தைவிட நான்கு விரற்கடை கூடுதல். இன்றைய கணக்கில் கோல் ஏறக்குறைய மூன்று மீட்டர்.

முதலில் அளக்கப்படுவது வெளிமதில். அதன் பருமன் ஒரு கோல். உயரமும் ஒரு கோல்தான். பகைவரைத் தடுக்கும் கோட்டைக்கு இவ்வுயரம் போதாது. தூயதையும் பொதுவானதையும் பிரித்துக் காட்டவே இம்மதில் என்று 42ஆம் அதிகாரம் விளக்குகிறது. பழைய ஆலயத்திற்குள்ளேயே மக்கள் பிற உருவங்களை வழிபட்டதை 8ஆம் அதிகாரத்தில் கண்டவர் எசேக்கியேல். வீடு அழிந்தது வெளிப்பகைவரால் மட்டுமன்று என்பதை அவர் அறிவார். எனவே, இம்மதில் எதிரிக்கன்று, நமக்கே எழுப்பப்பட்டது என்று நான் பொருள்கொள்கிறேன்.

அடுத்துப் படிகளைக் காண்போம். வெளிவாசலுக்கு ஏழு படிகள், உள்வாசலுக்கு எட்டு. ஆலய மண்டபத்திற்கு ஏறும் படிகளைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பத்து என்கிறது. உள்ளே செல்லச் செல்ல ஏற்றம் கூடுகிறது. வாயிலின் அகலமோ குறைகிறது. ஆலயத்தின் நுழைவாயில் பத்து முழம்; மகா பரிசுத்த இடத்தின் வாயில் ஆறே முழம். இறைவனை நெருங்க நெருங்க மனிதன் உயர வேண்டும்; சுமந்து வந்தவற்றைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். இருபதுக்கு இருபது முழமான அந்த உள்ளறைக்குள் அழைத்து வந்தவர் மட்டுமே சென்று அளக்கிறார். ஆசாரியரான எசேக்கியேல் வெளியிலேயே நிற்கிறார்.

உயரம் இல்லாத வரைபடம்

சாலொமோன் ஆலயத்தின் நீளம் 60 முழம், அகலம் 20 முழம், உயரம் 30 முழம் என இராஜாக்கள் முதலாம் நூல் கூறுகிறது. பொன் வேய்ந்ததையும் விரித்துரைக்கிறது. எசேக்கியேல் கண்ட ஆலயத்தில் பொன்னைப் பற்றிய பேச்சே இல்லை. மதில், பலிபீடம் போன்ற சிலவற்றுக்கே உயரம் தரப்படுகிறது. ஆலயக் கட்டடத்தின் உயரம் எங்கும் சொல்லப்படவில்லை.

கொத்தனாரிடம் கொடுத்தால் இவ்வரைபடத்தைக் கொண்டு கட்டி முடிக்க இயலாது. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கி.மு. 516 அளவில் கட்டி முடித்த ஆலயமும் இவ்வளவுகளின்படி அமையவில்லை. இனிமேல் கட்டப்படும் என நம்புவோரும் உளர். இது முழுதும் அடையாளமே என்போரும் உளர். நூலே தரும் காரணம் 43ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மக்கள் தம் தவற்றுக்கு நாணும்படி இவ்வீட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல். நாணினால் அதன் அமைப்பை அவர்கள் கண்முன் எழுதிவை என்பதே கட்டளை. அப்படியானால், வீடிழந்த மக்கள் மனத்தால் நடந்து பார்ப்பதற்கென்றே இவ்வளவுகள் தரப்பட்டன எனலாம். நடப்பவருக்கு நீளமும் அகலமும் போதுமே!

வாசல்கள் கற்பிக்கும் ஒழுங்கு

முன்பு கிழக்கு வாசல் வழியே நகரைவிட்டு நீங்கிய இறைமகிமை, அதே வாசல் வழியே திரும்பி வருகிறது. பின்னர் அவ்வாசல் மூடப்படுகிறது. மக்கள் வடக்கு, தெற்கு வாசல்களைப் பயன்படுத்த வேண்டும். திருவிழா நாள்களில் வடக்கே நுழைந்தவர் தெற்கே வெளியேற வேண்டும். தெற்கே நுழைந்தவர் வடக்கே. வந்த வழியே எவரும் திரும்பக்கூடாது. நாட்டின் அதிபதியும் மக்கள் நடுவே அவர்களோடு நுழைந்து அவர்களோடே வெளியேற வேண்டும். வழிபாடு ஒருவனை வந்தபடியே திருப்பி அனுப்பாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

வாசற்படியின் கீழ் நீர்

கடைசியாக அளக்கப்படுவது கல்லன்று, நீர். ஆலய வாசற்படியின் கீழிருந்து கசியும் நீர் கிழக்கே ஓடுகிறது. ஆயிரம் முழத்தில் கணுக்கால் அளவு, அடுத்த ஆயிரத்தில் முழங்கால், அடுத்து இடுப்பு, நான்காம் ஆயிரத்தில் நீந்தாமல் கடக்க இயலாத ஆறு. இடையில் வேறு ஓடை எதுவும் கலந்ததாகக் குறிப்பில்லை. அது சாக்கடலில் பாய்ந்து அந்நீரையும் நலமாக்குகிறது, மீன்கள் பெருகுகின்றன. ஆலயத்தை நோக்கிச் செல்லும் வழி குறுகியது. ஆலயத்திலிருந்து புறப்படும் அருளோ விரிந்துகொண்டே போகிறது. அதே அதிகாரம், இஸ்ரவேலரிடையே பிள்ளை பெற்று வாழும் அந்நியருக்கும் நிலத்தில் பங்கு கொடுக்கச் சொல்கிறது.

நிறைவாக

பாட்டி வாழ்ந்த தோட்டம் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோது, அங்கிருந்த சிற்றாலயமும் இடிக்கப்பட்டது. அதன் படி எத்தனை, சன்னல் எத்தனை, யார் எங்கே அமர்வார்கள் என்றெல்லாம் அவர் அடிக்கடி சொல்வார். பழங்கதை என்று நான் கவனிக்கவில்லை. "வுடாம படி" என்றவர் எசேக்கியேலின் துயரத்தை என்னைவிட நன்கு அறிந்திருந்தார்.

பாட்டி இன்று இல்லை. படிகள் மூன்று என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது, மற்றவற்றை மறந்துவிட்டேன். 'அவர்கள் கண்முன் எழுதிவை' என்ற கட்டளையை எசேக்கியேல் நிறைவேற்றினார், நான் நிறைவேற்றவில்லை. அன்பு நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, உங்கள் பெரியவர்கள் வழிபட்ட கோயிலின் படிகளையும் வாசல்களையும் கேட்டறியுங்கள். கேட்டதை மறவாமல் எழுதியும் வையுங்கள்.