போடாமல் விட்ட 23 ஊசிகள்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் எனக்கு நன்றாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தேன். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டினேன். ஐந்தாம் நாள் வீடு வந்தேன். தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான்.

இரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலுக்கடியில் தினமும் ஓர் இனாக்ஸபெரின் ஊசி. டிஸ்சார்ஜ் தாளில் மொத்தம் 35 நாள் என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் போட்ட ஐந்து போக, கையில் கொடுத்தனுப்பியது ஏழுதான். எதற்கு இந்த ஊசி, நிறுத்தினால் என்ன ஆகும் என்று வார்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏழும் தீர்ந்த அன்று நாத்தனார் சொன்னாள்: "தையலே பிரிச்சாச்சு, இன்னும் எதுக்கு அண்ணி காசைக் கொட்டி வயித்தைக் குத்திக்கிறீங்க?" குத்திய இடமெல்லாம் கன்றிக் கிடந்ததால் நானும் சரியென்றேன். அதோடு "அசையாம படுங்க" என்ற உபசாரம் வேறு.

18ஆம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. தைலம் தடவினோம். 20ஆம் நாள் விடியற்காலையில் மூச்சு அடைத்தது. இழுத்து விட்டால் விலாவில் குத்தியது. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்க் குழாயை அடைத்திருந்ததை சி.டி. ஸ்கேன் காட்டியது. நான்கு நாள் ஐசியு, மூன்று மாதம் மாத்திரை. 23 ஊசியில் மிச்சம் பிடித்த காசு, ஐசியுவின் ஒரு நாள் செலவுக்குக் காணவில்லை.

பெரிய ஆபரேஷனுக்குப் பின் இரத்தம் உறையும் வேகம் கூடும். படுத்தே கிடந்தால் காலில் ஓட்டம் மந்தமாகும். மேல்புண் ஆறிய பிறகும் இந்த ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும் என்பதை ஐசியுவில்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வீட்டிலும் ஊசியை நிறுத்தச் சொல்ல ஒருவர் இருப்பார். அதனால் டிஸ்சார்ஜ் அன்றே எத்தனை ஊசி என்று எண்ணி மொத்தமாக வாங்கிவிடுங்கள். முன்பு இரத்தம் உறைந்திருந்தால், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள். டாக்டர் சொன்னபடி நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காதீர்கள், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் 108.

ஆபரேஷனே செய்திருக்கக் கூடாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்று கம்பில்லாமல் மாடிப்படி ஏறுகிறேன். என்னைச் சாய்த்தது பாதியில் விட்ட ஊசி.

கடைசி ஊசி நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதற்கு முன் நிறுத்தச் சொல்ல உங்கள் டாக்டருக்கு மட்டுமே உரிமை உண்டு.