இரைச்சலோடு பழகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கேள்விக்கு நேராகவே வருகிறேன். கருந்துளைகளைப் பற்றிப் படிக்க ஆசை என்கிறாய். அப்பா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு யார் பேச்சையும் கேட்க வேண்டாம். அந்தத் துறையில் இருப்பவர்கள் காலையில் போய் உட்கார்ந்து உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள். நீ யூடியூபில் பார்த்த படங்களில் அது வராது. அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் சுழலும், பின்னணியில் வயலின் அழும். வேலை நடக்கிற இடத்தில் வயலின் கிடையாது. இருப்பதெல்லாம் இரைச்சல்.

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விடுகிற மணிக்குக் காத்திருந்திருப்பாய். அந்த நேரத்தில் உங்கள் ஊர் தாமலையும் ஏரியையும் உன்னையும் சேர்த்து ஓர் அலை கடந்து போயிற்று. சூரியனைப் போல 36 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையும் 29 மடங்கு நிறையுள்ள இன்னொன்றும் ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதி ஒன்றாகிவிட்டன. மிஞ்சியது 62 சூரிய நிறை. கூட்டிப் பார்த்தால் மூன்று குறைகிறது அல்லவா? அந்த மூன்று சூரியன்களும் ஈர்ப்பு அலையாகக் கரைந்து நாலா பக்கமும் பரவின. அமெரிக்காவில் லிவிங்ஸ்டனில் இருக்கும் லைகோ கருவி முதலில் அதை உணர்ந்தது. ஏழு மில்லி நொடி கழித்து ஹான்ஃபோர்டில் இருக்கும் அதன் ஜோடிக் கருவி உணர்ந்தது. எல்லாம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட்டது.

லைகோ என்பது ஆங்கில எழுத்து 'எல்' வடிவத்தில் கிடக்கும் இரண்டு நீண்ட குழாய்கள். ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். ஏரிக்கரையில் நின்று அது எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்து பார். உள்ளே காற்றே இல்லாத வெற்றிடம். ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரு குழாய்களிலும் அனுப்பி, கோடியில் தொங்கும் 40 கிலோ கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைக்கிறார்கள். ஈர்ப்பு அலை கடக்கும்போது ஒரு குழாய் நீளும், மற்றது குறுகும். திரும்பி வரும் ஒளிகள் சேர்கிற விதத்தில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். அன்றைக்கு எவ்வளவு மாறியது தெரியுமா? ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஏறக்குறைய நானூற்றில் ஒரு பங்கு.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு உலகத்தில் எல்லாமே சத்தம்தான். தூரத்தில் வரும் நிலநடுக்கம், கரையில் மோதும் கடல் அலை, காற்று, லாரி. ஹான்ஃபோர்டில் ஒரு தடவை காரணம் தெரியாத தட்டல்கள் பதிவாகிக்கொண்டே இருந்தன. தேடிக்கொண்டு போனால் அண்டங்காக்கைகள்! குளிர்ந்த குழாய் ஒன்றின் மேல் படிந்த உறைபனியைத் தாகத்துக்குக் கொத்தித் தின்றுகொண்டிருந்தனவாம். நோபல் பரிசு வாங்கித் தந்த கருவிக்கு அருகில் ஒருவர் குழாயில் அலகுத் தடத்தைத் தேடி அலைந்தார் பார், அதுவும் கருந்துளை ஆராய்ச்சிதான். தாமலில் லைகோ கட்ட முடியாது. பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க ஓடும் கனரக வண்டிகளே போதும், காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் நம் நாட்டு லைகோவுக்கு மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாப் பக்கம் இடம் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

சரி, இத்தனை சத்தத்துக்கு நடுவில் அலையை எப்படிப் பிரித்தெடுப்பது? உங்கள் தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டுத் தறி நின்றால் உங்கம்மா அடுப்படியிலிருந்தே "என்னங்க, இழை அறுந்துடுச்சா?" என்று கேட்பாள். காதுக்குள் அந்தத் தறியின் அச்சு ஏற்கெனவே இருக்கிறது. வருகிற சத்தத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கிறாள். விஞ்ஞானிகள் செய்வதும் அதுதான். வரப்போகும் அலை எப்படியிருக்கும் என்று முன்னாலேயே ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, இரைச்சலின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். இந்த வடிவங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 1991இலேயே பி. எஸ். சத்யபிரகாஷும் புனேயின் ஐயூகா வானியல் மையத்தைச் சேர்ந்த சஞ்சீவ் துரந்தரும் எழுதினார்கள். பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தின் பாலா ஐயர், சுற்றி நெருங்கும் ஜோடிகளின் அலை வடிவத்தை மேலும் மேலும் நுட்பமாகக் கணக்கிட்ட பன்னாட்டுக் குழுவில் இருந்தார்; அவர்களுடைய முக்கியமான கட்டுரை ஒன்று 1995இல் வந்தது. முதல் அலை காதில் விழுந்ததோ 2015இல். இருபது வருஷம், கேட்காத ஒலிக்கு அச்சு தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இன்னொருவர் கதை. சி. வி. விஸ்வேஸ்வரா, 1938இல் பெங்களூரில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மிஸ்னரிடம் ஆய்வு மாணவர். கருந்துளை என்ற பெயரே அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று இருந்தால் அதைத் தட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். சிதறிவிடுமா, நிலைக்குமா? கணக்கில் அதன் மேல் அலைகளை எறிந்து பார்த்தார். அகலமான அலைகளை எறிந்தபோது விசேஷமாக ஒன்றும் திரும்பவில்லை. அலையைக் குறுக்கிக்கொண்டே வந்தார். ஓர் அளவுக்குக் கீழே போனதும் பதில் வந்தது: ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்ந்து, சீக்கிரமாகத் தேய்ந்து அடங்கும் ஓர் அலை. பிளஸ் ஒன் இயற்பியலில் 'தடையுறு அலைவு' படித்திருப்பாயே, ஏறக்குறைய அதே வடிவம். தேர்வில் வராது என்று நீ தாண்டிப் போயிருந்தால் இன்றைக்கே எடுத்துப் படி. அந்த அதிர்வெண்ணையும் அடங்கும் வேகத்தையும் வைத்துக் கருந்துளையின் நிறையைச் சொல்லிவிடலாம். 1970இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. அதே மேரிலாந்தில், அதே வருஷங்களில், ஜோசஃப் வெபர் என்பவர் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு ஈர்ப்பு அலையைக் கேட்டுவிட்டதாக 1969இல் அறிவித்தார். உலகம் பரபரத்தது. மற்றவர்கள் அதே மாதிரி செய்து பார்த்தார்கள், யாருக்கும் கேட்கவில்லை. வெபர் கடைசிவரை விடவில்லை. ஒரே வளாகத்தில் ஒருவர் கேட்காததைக் கேட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் கேட்கவே முடியாத ஒன்று கேட்டால் எப்படியிருக்கும் என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வெபரைக் கேலி செய்யாதே. கருவி கட்டி அலையைத் தேடலாம் என்று முதலில் துணிந்து இறங்கியவர் அவர்தான். ஆனால் தன் காதைத் தானே சந்தேகிக்கிற பழக்கம் இந்தத் துறைக்கு எவ்வளவு தேவை என்பதற்கும் அவர்தான் உதாரணம்.

பின்னால் வந்தவர்கள் அதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 2010 செப்டம்பரில் லைகோவில் அழகான ஓர் அலை பதிவானது. மாதக்கணக்கில் அலசினார்கள்; கட்டுரைகூட எழுதித் தயாராக வைத்தார்கள். அடுத்த மார்ச்சில் ஒரு கூட்டத்தில் மூடி வைத்திருந்த ரகசியத்தைத் திறந்தார்கள். அது பொய் அலை! குழுவைச் சோதிப்பதற்காகக் குழுவிலேயே சிலர் ரகசியமாகச் செலுத்தியது. அத்தனை மாத உழைப்பும் ஒத்திகை என்று தெரிந்தபோது அந்த அறையில் யாருக்கும் கோபம் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2015இல் நிஜமாகவே வந்தபோது அவர்கள் முதலில் கேட்டது, "இதுவும் யாராவது போட்டதா?" என்றுதான். ஐந்து மாதம் சரிபார்த்துவிட்டு 2016 பிப்ரவரி 11 அன்றுதான் வாய் திறந்தார்கள். அந்தக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் விஸ்வேஸ்வராவின் 1970 கட்டுரையும் இருக்கிறது. அவருக்கு அப்போது 77 வயது. அடுத்த ஜனவரியில் காலமானார். கட்டுரைக்கும் அலைக்கும் நடுவில் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராக இருந்து அதை வளர்த்தார், கார்ட்டூன் வரைந்தார், நகைச்சுவையாகப் புத்தகம் எழுதினார். நாற்பத்தைந்து வருஷம் பதிலுக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இல்லை அவர்.

2025 ஜனவரி 14 அன்று அதுவரை வந்ததிலேயே மிகத் தெளிவான அலை வந்தது. அதில் விஸ்வேஸ்வரா சொன்னபடி கருந்துளை அதிர்ந்து அடங்கும்போது ஒன்றல்ல, இரண்டு சுரங்கள் பிரிந்து கேட்டன. மோதுவதற்கு முன் இரண்டு கருந்துளைகளுக்கும் சேர்த்துப் பரப்பு 2,40,000 சதுர கிலோமீட்டர். பின்னால் சுமார் 4,00,000. நம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. பரப்பு குறையவே குறையாது என்று 1971இல் ஹாக்கிங் சொன்னதற்கு அது சாட்சியானது.

சந்திரசேகரைப் பற்றியும் கேட்டிருந்தாய். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல், பத்தொன்பது வயதில், கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியிலேயே வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டவர். 1935இல் லண்டனில் வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னாலும் அதைக் கிண்டல் செய்தார். மேடைகளில் இந்தக் கதையை எடிங்டனை வில்லனாக்கிச் சொல்வார்கள், கைதட்டு கிடைக்கும். எனக்கு அதற்குப் பிறகு நடந்தது பெரிதாகத் தோன்றுகிறது: சந்திரசேகர் சண்டையில் காலம் கழிக்காமல் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு வேறு துறைக்குப் போனார், பிறகு இன்னொன்றுக்கு. அறுபது வயதைத் தாண்டிக் கருந்துளைகளுக்கு வந்து சேர்ந்தார். நோபல் வாங்கிய 1983ஆம் வருஷம்தான் அவருடைய கருந்துளைக் கணிதப் புத்தகமும் வெளியானது. அதை இப்போது வாங்கிவிடாதே. எடையைப் பார்த்தே மனசு விட்டுப் போகும்.

இனி உங்கப்பா விஷயம். அவர் சொல்வதைப் பழமை என்று தள்ளாதே. பட்டு விலை ஏறும்போது கூலி ஏறாததைப் பார்த்தவர். மாதச் சம்பளம் என்ற சொல்லின் அருமை அவருக்குத் தெரியும். அவரிடம் கருந்துளையின் அழகைப் பேசாமல் கணக்கைப் பேசு. ஐசர், நைசர் ஆகிய அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பு அங்கே உண்டு, முதல் அலையைக் கண்ட குழுவில் அந்தக் கழகத்துக்காரர்களும் இருந்தார்கள். இவை கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்குப் போகலாம். என் மாணவர்களில் போனவர்கள் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது உதவித்தொகை தருவார்கள், 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதுவரை ஐந்து வருஷம், அதற்குப் பிறகு இன்னும் ஐந்தாறு வருஷம், அப்புறமும் நிரந்தர வேலைக்கு அலைச்சல். இதை மறைத்து அவரிடம் சம்மதம் வாங்காதே.

இன்ஜினியரிங் போனால் கதவு மூடிவிடும் என்றும் நினைக்காதே. லைகோவில் வெற்றிடம், லேசர், நிலநடுக்கத் தடுப்பு, மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அதை முதலில் வடிவமைத்தவர்களில் ஒருவரான ரைனர் வைஸ், சின்ன வயதில் ரேடியோவும் ஒலிபெருக்கியும் கட்டி விற்றவர். இசைத்தட்டில் வரும் கரகரப்பை எப்படி நீக்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் எம்.ஐ.டி.க்குப் போனார். நடுவில் படிப்பை விட்டுவிட்டு அங்கேயே ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்தார். 2017இல் நோபல் வாங்கினார்.

ஆகவே நீ முடிவு செய்வதற்கு முன் ஒரு காரியம் செய். லைகோவின் பதிவுகளை ஈர்ப்பு அலைத் திறந்த அறிவியல் மையம் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகவே வைத்திருக்கிறது. பள்ளி ஹைடெக் ஆய்வகத்தில் கேட்டு உட்கார்ந்து 2015 செப்டம்பர் 14 பதிவை இறக்கிக்கொள். பைதான் கொஞ்சம் தெரிந்தால் போதும். வழிகாட்டும் பயிற்சிகளும் அங்கேயே இருக்கின்றன. முதலில் வரைந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் கிறுக்கல். வடிகட்ட வேண்டும். தப்பாக வடிகட்டினால் இல்லாத அலைகூடத் தெரியும், ஜாக்கிரதை. சில வாரம் இதோடு மல்லுக்கட்டு. எரிச்சல் வரும். எரிச்சலுக்கு நடுவிலும் மறுநாள் போய் உட்காரத் தோன்றுகிறதா என்று மட்டும் கவனி. தோன்றினால் எனக்கு எழுது, நான் உங்கப்பாவிடம் பேசுகிறேன். தோன்றாவிட்டாலும் எழுது, அப்போது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கு நல்ல கல்லூரி எதுவென்று பார்ப்போம், நீ கற்ற பைதான் வீண்போகாது.

ஐசர் விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தேவைப்படலாம். இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வைக்கச் சொல் உங்கம்மாவிடம். கடைசி வாரத்தில் சர்வர் நின்றுவிடும்.

அன்புடன்,
மாமா